ஒன்பது வாய், ஒரு கை

மார்ச் மாதம் பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை. இரண்டு நாள்களாக விடாமல் தூறிக்கொண்டிருந்தது. சாரல் உள்ளே அடிக்கிறது என்பதற்காகப் பத்தறையம்மா தம் நாய்க் காப்பகத்தின் சன்னல்கள் அனைத்தையும் செவ்வாய்க்கிழமை மாலையே சாத்திவிட்டிருந்தார். காலை ஆறரை மணிக்கு அவர் உணவு வாளியுடன் உள்ளே நுழைந்தபோது, நீண்ட தகரக் கூரையின் கீழ்த் தேங்கியிருந்த காற்று ஈரத்துணியைப் போலக் கனத்திருந்தது.

மூன்றாம் அறையிலிருந்து வாத்து கத்துவது போன்ற ஓர் ஒலி வந்தது.

அங்கே வாத்து ஏதுமில்லை, கர்னல்தான் இருந்தது. புகைப்படக்காரர் ஒருவர் திங்களன்று கொண்டுவந்து விட்டுச் சென்ற, கன்றுக்குட்டி உயரமுள்ள நாய் அது. முன்கால்களை அகட்டி, கழுத்தை முன்னே நீட்டி, ‘கொக், கொக், கொக்’ என்று வறட்டு இருமலாக இருமியது. முடிவில் குமட்டி, சிறிது வெண்ணுரையைத் துப்பியது. துப்பிய பின் ஒன்றுமே நடவாததுபோல் வாலை ஆட்டிக்கொண்டு வாளியை எட்டிப் பார்த்தது.

“எலும்புதான்” என்றார் பத்தறையம்மா.

“எலும்பா? நாம எலும்பே போடுறதில்லையே அண்ணி” என்றார், பின்னால் தண்ணீர்க் குழாயுடன் நின்ற அவருடைய நாத்தனார்.

“நாம போடலைன்னா வேற எவனோ போட்டிருக்கான். இந்தா, இதைப் பிடி.”

வாளியைக் கைமாற்றிவிட்டுக் கர்னலின் முன் மண்டியிட்டார். இடக்கையால் மேல்தாடையைப் பற்றி, பற்களுக்குப் பின்னால் கட்டைவிரலை ஊன்றி, வலக்கையின் இரண்டு விரல்களை நாக்கின் அடிவரை செலுத்தித் துழாவினார். எலும்பில்லை. மறுபடியும் துழாவினார். அப்போதும் இல்லை. விரல்களைத் தோளில் கிடந்த துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

இந்த விரல்களைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

பத்தறையம்மாவுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. காலணித் தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் பெட்டிகட்டும் பிரிவில் வேலை பார்த்தவர். தொழிற்சாலை மூடப்பட்ட ஆண்டில், மாமனார் விட்டுச்சென்ற டயர்ப் பட்டறையும் பூட்டிக் கிடந்தது. கணவர் நெடுந்தொலைவு லாரி ஓட்டுபவர். மாதத்தில் ஆறு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். சும்மா கிடக்கும் பட்டறையும் சும்மா இருக்கத் தெரியாத கைகளும் ஒரே வீட்டில் எத்தனை நாள் இருக்கும்? பட்டறையை இடையிடையே சுவரெழுப்பிப் பத்து அறைகளாக்கி, ஊருக்குப் போகிறவர்களின் நாய்களைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார். பட்டறை பத்தறையாயிற்று என்று தெருவில் யாரோ கேலி செய்ய, அந்தப் பெயர் அவருடனேயே ஒட்டிக்கொண்டது.

தொடங்கிய இரண்டாம் ஆண்டில், காப்பகத்துக்கு வந்த ஒரு நாய் மூச்சுத் திணறித் தரையில் விழுந்தது. மருத்துவர் வரும்வரை தாங்காது என்ற நிலையில், பத்தறையம்மா அதன் தொண்டைக்குள் கையை விட்டு விரல்நீள எலும்பொன்றை உருவி எடுத்தார். அச்செய்தி தெருத் தெருவாகப் பரவியது. அதன் பிறகு எவர் வீட்டு நாய் இருமினாலும் தும்மினாலும் ‘பத்தறையம்மா கையில் கொடு’ என்பது அப்பகுதியில் வழக்கமாயிற்று. பத்தாண்டுகளில் அவர் பதினேழு எலும்புகளும், ஒரு பந்தின் பாதியும், ஒரு சீப்பின் கைப்பிடியும் எடுத்திருக்கிறார். ‘தன் கையே தனக்கு உதவி’ என்பார்கள். அவருடைய கை ஊருக்கே உதவியது. அந்தப் பெருமை அவருக்கு இருந்தது, இருந்ததில் தவறுமில்லை.

ஆனால், காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். எலும்பெடுத்துப் பேர்வாங்கியவருக்கு எல்லா இருமலும் எலும்பாகவே கேட்டது.

“ஒண்ணுக்குப் போட்டவன் எல்லாத்துக்கும்தான் போட்டிருப்பான். ஒவ்வொண்ணா வாயைப் பார்த்திடலாம்” என்றார்.

அன்று காப்பகத்தில் ஒன்பது நாய்கள் இருந்தன. முதலாம் அறையில் தொடங்கி வரிசையாக ஒன்பது வாய்களையும் திறந்து பார்த்தார். ஆறாம் அறையில் இருந்தது நான்கு மாதக் குட்டி. தட்டை மூக்கு, உருண்டைக் கண்கள், ‘பொத்தான்’ என்று பெயர். தையற்காரர் ஒருவருடையது. அதன் வாய் சிறியதாக இருந்ததால் ஒரு விரலை மட்டும் விட்டுப் பார்த்தார். குட்டி அந்த விரலைச் சப்பியது. “பால்குடி மறக்கல பாரு” என்று சிரித்தார். ஒன்பதாவது வாயும் முடிந்த பிறகு, குழாயடிக்குப் போய் முழங்கை வரையில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். தூய்மையில் அவரைக் குறை சொல்ல முடியாது. கழுவிய நேரத்தில்தான் பிழை இருந்தது.

எலும்பு அகப்படவில்லை, ஆகவே எலும்பு போட்டவரைத் தேடினார்கள். பக்கத்துச் சுவருக்கு அப்பால் இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் மெக்கானிக் இருந்தார். மதியச் சாப்பாட்டைச் சுவரோரமாக அமர்ந்து உண்பவர். நாத்தனார் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

“ஏம்பா, சாப்பிட்டு மிச்ச எலும்பை இந்தப் பக்கம் வீசுறியா?”

“எலும்பா? அக்கா, நான் எலும்பைக் கண்ணால பார்த்தே ரெண்டு வருஷம் ஆச்சு. கொழுப்பு ஏறிப்போச்சு, கறியைத் தொடாதேன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“உனக்குக் கொழுப்பு ஏறிப்போச்சுன்னு சொல்ல டாக்டரு எதுக்கு? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே.”

“உங்க வாய்க்குப் பயந்துதான் அக்கா, அந்த நாய்ங்க ராத்திரி குரைக்கிறதே இல்ல” என்று சொல்லிவிட்டு மெக்கானிக் தம் கீரைச் சோற்றைத் தூக்கிக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை நான்காம் அறையில் இருந்த பழுப்பு நாயும், மாலையில் ஏழாம் அறையிலிருந்த கிழட்டு நாயான ராணியும் இருமத் தொடங்கின. அதே வாத்துக் குரல், அதே குமட்டல், அதே வெண்ணுரை. பத்தறையம்மா இரண்டின் வாயையும் பார்த்தார். எலும்பில்லை.

“அண்ணி, மூணு நாயும் கூடிப் பேசி வச்சு ஒரே எலும்பையா முழுங்கும்?” என்று கேட்டார் நாத்தனார். நகைச்சுவையாகச் சொன்னதுதான். ஆனால் பத்தறையம்மா கையிலிருந்த துண்டைப் பார்த்தார். பிறகு மூன்றாம் அறையைப் பார்த்தார். “நாளைக்குக் காலையில டாக்டரை வரச் சொல்லு” என்றார்.

சனிக்கிழமை வந்த கால்நடை மருத்துவர் நெட்டையானவர், குறைவாகப் பேசுபவர். கர்னலின் வாயை அவர் திறக்கவேயில்லை. கழுத்தின் முன்புறத்தில், மூச்சுக்குழாய் இருக்கும் இடத்தில், இரண்டு விரல்களால் மெல்ல அழுத்தினார். அவ்வளவுதான், கர்னல் ‘கொக், கொக்’ என்று இருமத் தொடங்கிவிட்டது. மற்ற இரண்டிலும் அப்படியே.

“கென்னல் காஃப்” என்றார். “நாய்ங்க நெருக்கமா இருக்கிற இடத்துல தொத்துற இருமல். எலும்பு சிக்கின நாய் எச்சில் ஒழுக்கும், வாயை முன்காலால பிராண்டும், சாப்பிடாது. இதைப் பாருங்க, இருமி முடிச்சதும் சோறு எங்கேன்னு கேட்குது. இதுதான் அடையாளம். இழுத்துப் பிடிச்சா, துள்ளினா, குரைச்சா, இருமல் கூடும்.”

“எங்கேருந்து டாக்டர் வந்திருக்கும்? நாங்க தினம் பினாயில் போட்டுத்தானே கழுவுறோம்?”

“தரையைக் கழுவுறீங்க. இது தரையில நடந்து வர்றதில்ல. இருமுறப்போ காத்துல பறக்கும். ஒரே கிண்ணம், ஒரே பொம்மை, துணி, கை, எல்லாத்துலயும் ஒட்டிக்கிட்டுப் போகும். சன்னலை எத்தனை நாளா சாத்தி வச்சிருக்கீங்க?”

“செவ்வாய்க்கிழமைலேருந்து.”

“முதல்ல இருமினது எது?”

“மூணாம் நம்பர். வியாழக்கிழமை காலையில.”

“அப்புறம் என்ன பண்ணீங்க?”

பத்தறையம்மா மறைக்காமல் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய குரல் இறங்கிக்கொண்டு வந்தது. மருத்துவர் ஒன்பது அறைகளையும் ஒரு முறை பார்த்தார். பத்தறையம்மாவின் தோளில் கிடந்த துண்டையும் பார்த்தார். திட்டவில்லை.

“தொத்தினதுக்கப்புறம் இருமல் தெரிய ரெண்டு நாளும் ஆகலாம், ரெண்டு வாரமும் ஆகலாம். அதனால இப்ப இருமாதது எல்லாம் தப்பிச்சிடுச்சுன்னு நினைக்காதீங்க” என்று மட்டும் சொன்னார்.

கர்னலுக்கும் பழுப்பு நாய்க்கும் காய்ச்சல் இல்லை. நெஞ்சிலும் சத்தம் இல்லை. அவற்றுக்கு மருந்தே வேண்டாம், ஓய்வு போதும், இரண்டு மூன்று வாரத்தில் தாமாகவே சரியாகும் என்றார். ராணி வயதானது, இருமி இருமி உறக்கம் கெட்டிருந்ததால் அதற்கு மட்டும் இருமலைத் தணிக்கும் மருந்தை எழுதிக்கொடுத்தார்.

“எங்க வீட்டுல எனக்கு வாங்கின இருமல் டானிக் பாதி இருக்கு. அதுல ரெண்டு மூடி ஊத்தலாமா டாக்டர்?” என்று கேட்டார் நாத்தனார்.

“மனுஷன் மருந்து நாய்க்கு விஷமாகலாம். அதை நீங்களே குடிங்க.”

“நான் குடிச்சும் வேலை செய்யலையே, அதான் கேட்டேன்.”

மருத்துவர் புறப்படும்போது வாசலில் நின்றார். “பெரிய நாய்ங்களுக்கு இது சளி பிடிச்ச மாதிரிதான். நான் பயப்படுறது அந்த ஆறாம் நம்பருக்கு. குட்டி, அதுலயும் தட்டை மூக்கு. சாப்பாட்டை மறுத்தா, மூக்குல மஞ்சளாவோ பச்சையாவோ ஒழுகினா, தூங்குறப்போ மூச்சு நிமிஷத்துக்கு நாப்பதைத் தாண்டினா, யோசிக்காம தூக்கிட்டு வந்துடுங்க. விலாவைப் பார்த்து அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்குங்க, போதும்.”

அவர் போன பின் பத்தறையம்மா முதலில் சன்னல்களைத் திறந்தார். பிறகு புகைப்படக்காரருக்குத் தொலைபேசியில் பேசினார்.

“சார், கர்னல் இருமுது. இங்க வர்றதுக்கு முன்னாடி எங்கேயாவது கூட்டிட்டுப் போனீங்களா?”

“நாய்க் கண்காட்சிக்குப் போனோம்மா, முந்தின வாரம். அங்க ரெண்டு மூணு இருமிக்கிட்டுதான் இருந்துச்சு. சொன்னா நீங்க சேர்த்துக்க மாட்டீங்களேன்னுதான்...”

“இவ்வளவு பெரிய விஷயத்தை மறைச்சு வச்சிட்டுப் போயிருக்கீங்களே, இது நியாயமா?” என்று பத்தறையம்மா பொரிந்து தள்ளிவிட்டார்.

அன்று முதல் காப்பகத்தின் நடைமுறை தலைகீழாயிற்று. இருமும் மூன்றையும் முற்றத்துக்கு அப்பால் தனியாக இருந்த பழைய சாமான் அறைக்கு மாற்றினார்கள். நலமாக உள்ளவற்றை முதலில் கவனிப்பது, நோயுற்றவற்றை இறுதியாகக் கவனிப்பது, அதன் பின் உடை மாற்றாமல் இந்தப் பக்கம் திரும்பாதிருப்பது என்று வகுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நாய்க்கும் தனிக் கிண்ணம். கிண்ணத்தில் அறையின் எண். நீர்கலந்த பிளீச்சிங் கரைசலைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசி, உலர்ந்த பிறகே நாயை உள்ளே விட்டார்கள். இருமும் நாய்களின் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு, தொண்டையை அழுத்தாத மார்புப்பட்டையை அணிவித்தார்கள். காலையும் மாலையும் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி நிறைந்ததும் ராணியைப் பத்து நிமிடம் அங்கே உட்காரவைத்தார்கள்.

“எனக்குக் கல்யாணத்துக்குக்கூட இப்படி ஆவி பிடிச்சு முகத்தைப் பளபளப்பாக்கல அண்ணி” என்றார் உடன் அமர்ந்திருந்த நாத்தனார், வியர்வையைத் துடைத்தபடி.

மறுவாரம் நீண்ட விடுமுறை. பத்து அறைகளுக்கும் முன்பதிவு ஆகியிருந்தது. பத்தறையம்மா அத்தனை பேரையும் அழைத்து, ‘கொண்டுவராதீர்கள்’ என்றார். காரணம் கேட்டவர்களுக்கு ‘நோய் இருக்கிறது’ என்றார். ஏற்கெனவே காப்பகத்தில் இருந்த நாய்களின் உரிமையாளர்களுக்கும் ஒவ்வொருவராகச் சொன்னார். தையற்காரர் மட்டும் அன்று கிடைக்கவில்லை. அவரும் மனைவியும் மகளுக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்க வெளியூருக்குப் போயிருந்தார்கள். அலைபேசி நெடுநேரம் அடித்து ஓய்ந்தது. குட்டி இன்னும் இருமவில்லை. எனவே நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று பத்தறையம்மா விட்டுவிட்டார். நாளை என்பது மறுநாளுக்கும் நாளையாகவே இருந்தது.

திங்கட்கிழமை, பதினாறாம் தேதி, பொத்தான் இருமியது. அவ்வளவு சிறிய உடலிலிருந்து அவ்வளவு பெரிய ஓசை. செவ்வாய்க்கிழமை காலை கிண்ணத்தை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. பத்தறையம்மா தரையில் அமர்ந்து, கைக்கடிகாரத்தையும் குட்டியின் விலாவையும் மாறி மாறிப் பார்த்தார். அரை நிமிடத்தில் இருபத்தொன்பது. நம்பாமல் மறுபடி எண்ணினார். மறுபடியும் இருபத்தொன்பது. பெருக்கிப் பார்க்கவில்லை, குட்டியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ஊடுகதிர்ப் படத்தில் நுரையீரலின் ஒரு பக்கம் வெள்ளையாகத் தெரிந்தது. இருமல் நிமோனியாவாகிவிட்டது என்றார் மருத்துவர். ஊசிவழி நுண்ணுயிர்க்கொல்லி, சொட்டு சொட்டாக நீர், முகமூடி வழியே மருந்துப் புகை எனக் குட்டியை மருத்துவமனையிலேயே வைத்துக்கொண்டார். “பிழைக்குமா?” என்று பத்தறையம்மா கேட்டதற்கு, “ரெண்டு நாள் போகட்டும்” என்றார்.

மருத்துவமனையின் நடைவழியில் நின்று தையற்காரரை மறுபடி அழைத்தார். இம்முறை எடுத்துவிட்டார்.

“பொத்தானுக்கு உடம்பு சரியில்லைங்க. தொத்து இருமல், நெஞ்சுக்கு இறங்கிடுச்சு. டாக்டர்கிட்ட சேர்த்திருக்கோம்.”

அடுத்து, ‘எங்கள் இடத்தில்தான்’ என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தையற்காரர் முந்திக்கொண்டார்.

“என் தப்புதாம்மா. எல்லாம் என் தப்புதான். உங்ககிட்ட விடுறதுக்கு முந்தின நாள் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனேன். ஊசி எல்லாம் முடியட்டும், வெளியில கூட்டிட்டுப் போகாதேன்னு வீட்டுல தலபாடா அடிச்சுக்கிட்டா. கேட்கல. அங்க ஒரு நாய் இருமிக்கிட்டிருந்துச்சு. நான்தான் பார்த்துக்கிட்டே நின்னேன்.”

பத்தறையம்மாவின் வாய் திறந்தபடியே இருந்தது. “டாக்டர் பார்த்துக்கிறார்ங்க. நீங்க கவலைப்படாதீங்க” என்று மட்டும் சொல்லி அழைப்பை முடித்தார்.

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் சொன்னபோது, அவர் துணி பிழிவதை நிறுத்தினார்.

“கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருக்கே அண்ணி. அவரே ஏத்துக்கிட்டாரு. விடுங்க.”

“எப்படி விடறது?”

“பொய் சொல்லவா சொன்னேன்? பேசாம இருங்கன்னுதான் சொல்றேன். டாக்டரே ரெண்டு வாரம்கூட ஆகும்னாரே. பார்க்குக்குப் போய்ப் பதினோரு நாள். கணக்குச் சரியாத்தானே வருது?”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்ற.”

“முழுசா மறைக்கச் சொல்லல. ஒரு கீத்து. விடுமுறைக்கு வர இருந்தவங்களையெல்லாம் நீங்களே வராதேன்னு சொல்லிட்டீங்க. இருமல் வந்துச்சுன்னா ஜனங்க பொறுத்துக்கும். ‘பத்தறையம்மா கையாலேயே பரப்பிட்டா’ன்னு ஒரு பேரு வந்துச்சுன்னா, அப்புறம் இந்தப் பத்து அறையில நாமதான் படுத்துக்கணும். நீங்க ஒரு அறை, நான் ஒரு அறை.”

பத்தறையம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாத்தனார் சொன்னதில் பிழையில்லை என்பதே அவருக்குச் சிக்கலாக இருந்தது. அவரிடம் வருகிறவர்கள் சுவரையும் கூரையையும் பார்த்து நாயை விட்டுச் செல்வதில்லை; அந்தக் கையை நம்பித்தான் விட்டுச் செல்கிறார்கள்.

புதன்கிழமை, தையற்காரர் சொன்னதைச் சொல்லி மருத்துவரிடமே கேட்டார். “டாக்டர், பார்க்குல பிடிச்சதா, எங்க இடத்துல பிடிச்சதா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க.”

மருத்துவர் குட்டியின் நெஞ்சிலிருந்து கருவியை எடுத்தார். “பதினோரு நாள்ல வரலாம். நாலு நாள்லயும் வரலாம். சத்தியம் பண்ணுன்னா பண்ண மாட்டேன்.” கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். “ஆனா, தூரத்துல நின்னு இருமின நாயா, வாய்க்குள்ளேயே போன விரலான்னு கேட்டா, நான் எதைச் சொல்வேன்னு உங்களுக்கே தெரியும். பெரும்பாலும் நாலஞ்சு நாள்லயே தெரிஞ்சிடும்.”

“போன வருஷமே இந்த இருமலுக்குத் தடுப்பு மருந்து இருக்குன்னு சொன்னீங்க. எல்லார்கிட்டயும் கேட்டு வாங்குங்கன்னீங்க. நான்தான், இதையும் கேட்டா ஜனங்க முகம் சுளிக்கும்னு விட்டுட்டேன்.”

“இனிமே கேளுங்க. காப்பகத்துக்கு வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே போட்டிருக்கணும். போட்டாலும் வரவே வராதுன்னு இல்ல, இதுக்குக் கிருமி ஒண்ணு ரெண்டு இல்ல. மழையில குடை பிடிக்கிற மாதிரி. கால் நனையும், ஆனா தலை நனையாது.”

அந்த வாரம் முழுவதும் அவர் பகலில் மருத்துவமனையிலும் காப்பகத்திலுமாக மாறி மாறி இருந்தார். குட்டியின் விலாவை மணிக்கொரு முறை எண்ணினார். செவ்வாயன்று ஐம்பத்தெட்டு, புதனன்று ஐம்பத்திரண்டு, வியாழக்கிழமை மாலை நாற்பத்து நான்கு. வெள்ளிக்கிழமை காலை முப்பது. அன்று, வேகவைத்துக் குழைத்த கோழியிறைச்சியைக் கிண்ணத்தில் வைத்தபோது, குட்டி முதலில் மூக்கை நுழைத்தது. அடுத்து முகத்தையே நுழைத்தது. மருத்துவர் வந்து பார்த்தபோது கிண்ணம் தலையில் கவிழ்ந்திருந்தது. “வீட்டுக்குப் போகலாம். மாத்திரையைப் பாதியில நிறுத்தக் கூடாது. இருமல் நின்னதுக்கப்புறமும் ரெண்டு வாரம் வேற நாய்ங்க பக்கத்துல விடக் கூடாது” என்றார்.

சனிக்கிழமை பத்தறையம்மா ஒரு தாளில் காப்பகத்தின் புதிய விதிகளை எழுதி வாசற்கதவில் ஒட்டினார். இருமலுக்கான தடுப்பு மருந்து போட்ட சான்று வேண்டும். இரண்டு வாரத்துக்குள் கண்காட்சிக்கோ வேறு காப்பகத்துக்கோ போயிருந்தால் சொல்ல வேண்டும். இருமும் நாயைச் சேர்ப்பதில்லை. புதிதாக வரும் நாய் முதலில் தனியறையில் இருக்கும். கடைசி வரியை எழுதும் முன் பேனாவைச் சிறிது நேரம் கையில் வைத்திருந்தார். பின்பு, வாயைப் பார்ப்பதானால் ஒரு நாய்க்கு ஒரு கையுறை என்று எழுதினார்.

“இந்தக் கடைசி வரியைப் படிச்சிட்டு, அப்போ இத்தனை நாளா எப்படிப் பார்த்தீங்கன்னு கேட்பாங்களே அண்ணி” என்றார் நாத்தனார்.

“கேட்கட்டும்.”

“நாளைக்குத் தையற்காரரும் வர்றாரு.”

“தெரியும்.”

“என்ன சொல்லப் போறீங்க?”

பத்தறையம்மா பசையைக் கையால் தேய்த்துத் தாளின் மூலைகளை அழுத்தினார். அவருக்கே அது இன்னும் தெரியவில்லை. சொல்லிவிட்டால் பத்தாண்டுப் பெயர் போகும். சொல்லாவிட்டால் எவரும் எதையும் நிறுவ முடியாது. இரண்டையும் அவர் பலமுறை நினைத்துப் பார்த்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் தையற்காரரும் அவர் மனைவியும் இரயிலடியிலிருந்து நேரே வந்தார்கள். பெட்டிகள் இரண்டும் தையற்காரரின் கையில்; மனைவி கைவீசி முன்னே வந்தார். பொத்தான் முற்றத்தில் அவரைக் கண்டதும் துள்ளி ஓடிவந்து, பாதியில் நின்று ஒரு முறை இருமியது. அந்த அம்மாள் கீழே உட்கார்ந்து குட்டியை வாரி மடியில் போட்டுக்கொண்டார்.

“எலும்பும் தோலுமா ஆயிட்டியேடா” என்றார். தலையை நிமிர்த்தாமலே, “மாத்திரை எப்ப எப்பக் கொடுக்கணும்னு அந்த ஆளைக் கேட்டு எழுதி வச்சுக்கச் சொல்லுங்க” என்றார் நாத்தனாரிடம்.

அந்த ஆள் இரண்டடி தொலைவில்தான் நின்றிருந்தார்.

“அஞ்சு நாளா இப்படித்தாம்மா” என்றார் தையற்காரர், பத்தறையம்மாவைப் பார்த்து. “என் கூடப் பேசுறதில்ல. ரயில்ல தண்ணி வேணுமான்னு கேட்டா, எதிர் சீட்டுக்காரர்கிட்ட பதில் சொல்றா. பேரனைப் பார்க்கப் போன இடத்துல சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடியும் இதே கதைதான்.”

“பின்னே? பச்சைக்குட்டியைப் பார்க்குக்கு இழுத்துட்டுப் போனவரை மடியில வச்சுக் கொஞ்சுவாங்களா?” என்று அம்மாள் குட்டியிடம் கேட்டார்.

தையற்காரர் பெட்டிகளைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றார். முகத்தில் மூன்று நாள் தாடி. பத்தறையம்மா மாத்திரைப் பட்டையை அவரிடம் நீட்டி, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, பத்து நாள் என்றார். கழுத்துப்பட்டை வேண்டாம், மார்புப்பட்டை கட்டுங்கள் என்றார். விலாவைப் பார்த்து மூச்சை எண்ணும் முறையைச் செய்து காட்டினார். சொல்ல வேண்டியவை எல்லாம் தீர்ந்துவிட்டன. நாத்தனார் சற்றுத் தள்ளி நின்று, காய்ந்த துணிகளைத் தேவையில்லாமல் மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

அம்மாள் குட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். இப்போது நேரே பத்தறையம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

“பத்து வருஷமா நாய் வளர்த்துப் பழகினவங்க நீங்க. நீங்களே சொல்லுங்க. இந்த மனுஷன் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனதாலதானே இது வந்துச்சு?”

“இல்லைங்க. எங்க இடத்துலதான் வந்துச்சு. இருமிக்கிட்டிருந்த நாயோட வாயில விட்ட கையைக் கழுவாம, உங்க குட்டி வாயில விட்டேன்.”